இரண்டு ஊரிலும் வரி கட்டாத கேமரா

போன வாரம் கடற்கரையில் காலை நடை முடிந்து காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோஷ்டியில் ஒரு வாத்தியார் உண்டு. பிரான்சில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பாரீசில் வாங்கிய கேமரா கழுத்தில் தொங்கியது. "இருபது பர்சென்ட் தெதாக்ஸ் கிடைச்சுது, இங்க வந்து பச்சை வழியில கைவீசிட்டு வந்துட்டேன், ரெண்டு பக்கமும் ஒரு பைசா வரி கிடையாது" என்றார். எல்லோரும் அவரை ஒரு சாமர்த்தியசாலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. காலை ஆறரை மணிக்குச் சண்டை வேண்டாம் என்றுதான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வரி அலுவலகத்தில் பேரேடு புரட்டியவனுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இருபது பர்சென்ட். பிரான்சில் கேமராவுக்கு தே.வே.ஆ. என்கிற மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம். (இந்த வரியை உருவாக்கியவர் மொரீஸ் லோரே என்ற அதிகாரி. 1954 ஏப்ரலில் சட்டமானது. அதே வருடம் நவம்பர் 1 அன்றுதான் நம்மூர் கைமாறியது.) அங்கே கடையில் ஒட்டியிருக்கும் விலை வரியும் சேர்ந்த விலை. 1,200 யூரோ என்று எழுதியிருந்தால் சரக்கு 1,000, வரி 200. அந்த 200, கொடுத்த பணத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது பதினாறே முக்கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் முழுசாகக் கைக்கு வராது. கடைக்கும் நமக்கும் நடுவில் பணத்தைத் திருப்பித் தருவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அவர்கள் கழிவு எடுத்துக்கொண்டது போக நமக்கு வருவது பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டித்தான். வாத்தியார் பாடம் நடத்தியது கணக்கு இல்லை, சரித்திரம்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2019 மே மாதம் நானும் வீட்டம்மாவும் மகளைப் பார்க்கப் பாரீசுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை நம்மூர்க்காரர்தான், பிரெஞ்சு நேசியோனலிதே உள்ள குடும்பம். அரியர்ஸ் பணம் கொஞ்சம் கையில் இருந்தது. இளவயதில் ஆக்பா க்ளிக் பெட்டிக் கேமராவோடு சரி, அதற்குப் பிறகு நல்ல கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை நாற்பது வருடமாக உள்ளே கிடந்தது. பஸ்தீய் பக்கத்தில் புல்வார் போமார்ஷே என்று ஒரு வீதி. வரிசையாகக் கேமராக் கடைகள். பழைய லைக்காவெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் நகை மாதிரி வைத்திருப்பார்கள். படிக்கிற காலத்தில் பிரெஞ்சில் இலக்கணம் தப்பினால் விரல் முட்டியில் அடி விழும். அந்த அடியெல்லாம் அன்றைக்குத்தான் பிரயோசனப்பட்டது. கடைக்காரரோடு ஒரு மணி நேரம் பேசி, லென்சோடு 1,200 யூரோவுக்கு ஒன்றைப் பேசி முடித்தேன்.

பில் போடும்போது மாப்பிள்ளை என் காதருகே வந்தார். "மாமா, எனக்கும் ஒரு லென்ஸ் வேணும், எண்ணூறு யூரோ. உங்க பாஸ்போர்ட்லயே ஒரே பில்லா போட்டுடலாம். ஏர்போர்ட்ல மெஷின்ல காட்டினா போதும், பெட்டிய யாரும் தொறந்து பாக்கப் போறதில்ல. லென்ஸ் வீட்லயே இருக்கட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அங்கே எல்லோரும் செய்வது, ஊரிலிருந்து மாமனார் வந்தால் செய்வது. தொண்ணூற்றாறு யூரோ மிச்சம்.

"வேணாம் மாப்பிள்ளே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு என் உத்தியோகம்தான் காரணம். நம்மூரில் விற்பனை வரி குறைவாக இருந்த காலத்தில் கடலூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்து ஃப்ரிட்ஜ், டி.வி. வாங்கிப் போவார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சரக்கு வெளிமாநிலம் போனதாகக் காகிதம் மட்டும் போகும், சரக்கு இங்கேயே குடோனில் இருக்கும். லாரி நம்பர் இருக்கும், செக்போஸ்ட் முத்திரைகூட இருக்கும், லாரி இருக்காது. அப்படிப்பட்ட ஃபைல்களுக்குக் குறிப்பு எழுதி எழுதித்தான் எனக்குக் கண்ணாடி பவர் ஏறியது. மாப்பிள்ளை கேட்டதும் அதேதான். காகிதம் புதுச்சேரிக்கு வரும், லென்ஸ் பாரீசில் இருக்கும்.

தெதாக்ஸ் என்பது சுற்றுலாப் பயணிக்கு அரசாங்கம் தரும் பரிசு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு பொருளை எந்த நாட்டில் அனுபவிக்கிறோமோ அந்த நாட்டுக்கு வரி என்பதுதான் அதன் அடிப்படை. பொருள் நாட்டை விட்டுப் போகிறது, ஆகவே அது ஏற்றுமதி. தொழிற்சாலை கப்பலில் அனுப்பும் சரக்குக்கு எப்படி உள்ளூர் வரி இல்லையோ, அப்படித்தான் என் தோள்பையில் போகும் கேமராவுக்கும். அதனால்தான் நிபந்தனைகள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவராக இருக்க வேண்டும், அங்கே ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்க வந்தவராக இருக்க வேண்டும், வாங்கிய மாதம் போக மூன்று மாதத்துக்குள் பொருளோடு வெளியேற வேண்டும். அப்போது ஒரு கடையில் 175 யூரோவுக்கு மேல் வாங்க வேண்டும் என்று இருந்தது, 2021 முதல் அது 100 யூரோவுக்கு மேல் என்று ஆகிவிட்டது.

இதில் நம்மூர்க்காரர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. பார்ப்பது குடியிருப்பைத்தான், பாஸ்போர்ட்டை இல்லை. 1962 இல் ஒப்சியோன் வந்தபோது ஆறு மாத அவகாசத்துக்குள் எங்கள் பெரியப்பா பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுக் கையெழுத்துப் போட்டார், அப்பா போடவில்லை. பெரியப்பா மகன் இன்றைக்கும் முத்தியால்பேட்டையில்தான் இருக்கிறார். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் கான்சுலேட்டில் பதிந்த அத்தாட்சியைக் காட்டினால் அவருக்குத் தெதாக்ஸ் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு பாரீசில் குடியிருந்து வேலை பார்க்கும் பையனுக்குக் கிடையாது. அறுபது வருடத்துக்கு முன் ஒரு கையெழுத்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பென்ஷனிலிருந்து படிப்புவரை எத்தனையோ வித்தியாசம் செய்தது. கேமராக் கடையில் மட்டும் அண்ணனும் நானும் ஒரே வரிசை.

ருவாசி விமான நிலையத்தில் பாப்லோ என்று ஒரு மெஷின். பெட்டியை ஏர்லைன்ஸில் ஒப்படைப்பதற்கு முன்பே அங்கே போய்விட வேண்டும், துவான்காரர்கள் பொருளைக் காட்டச் சொன்னால் காட்டத் தயாராக. கடை கொடுத்த தாளின் கோட்டுக்குறியை மெஷின் கண்ணில் காட்டினேன். பச்சை விளக்கு. முடிந்தது. பெட்டியை யாரும் திறக்கவில்லை. மாப்பிள்ளை சொன்னது அப்படியே நடந்தது. வழியனுப்ப வந்தவர் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மீதிக் கதை சென்னையில். அப்போது நம் சுங்க விதிப்படி வெளிநாட்டிலிருந்து திரும்புபவர் 50,000 ரூபாய் வரை சாமான் வரியில்லாமல் கொண்டுவரலாம். அதற்கு மேல் உள்ளதற்கு 35 சதவீதமும், அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலும், ஆக 38.5 சதவீதம். யூரோ சுமார் 78 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் என் கேமரா 93,600 ரூபாய். "ஏங்க, ரெண்டு பேருக்கும் சேத்தா ஒரு லட்சம் ஆச்சே" என்றாள் வீட்டம்மா. சேர்க்கக் கூடாது, ஒரே பொருளுக்கு இரண்டு பேர் சலுகையையும் கூட்ட முடியாது. "அப்ப பச்சையிலயே போயிடலாமே, வயசானவங்கள யாரு நிறுத்தப் போறா?" என்றாள். அதுவும் உண்மைதான்.

சிவப்பு வழியில் போனேன். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. அதிகாரி பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சார், இதுக்காகவா வந்தீங்க?" என்று கேட்டார். 43,600 ரூபாய்க்கு வரி 16,786. ரசீது வாங்கிக்கொண்டேன். தெதாக்ஸாக வந்தது 144 யூரோ, அதாவது 11,232 ரூபாய். நிகர நஷ்டம் 5,554. இந்தக் கணக்கை வீட்டம்மா இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறாள், புடவை பேச்சு வரும்போதெல்லாம் வெளியே எடுப்பாள்.

நான் ஹரிச்சந்திரன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. பிரான்சிடம் "இந்தக் கேமரா இந்தியாவுக்குப் போகிறது, வரியைக் கொடு" என்று கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். சென்னையில் இறங்கியதும் "என்னிடம் ஒன்றும் இல்லை" என்று நடந்தால் முதல் கையெழுத்து என்ன ஆவது? அங்கே தெதாக்ஸ் கேட்காமல் முழு விலை கொடுத்து வாங்கி, இங்கே பச்சை வழியில் வந்திருந்தாலாவது ஒரு நாட்டுக்காவது வரி போயிருக்கும். எங்கள் வாத்தியாரின் கேமரா இரண்டு நாட்டிலும் கட்டவில்லை. விளக்குக் கம்பம், பள்ளிக்கூடம், அவருடைய பென்ஷன், இதெல்லாம் யார் கட்டும் வரியில் நடக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை, அவருக்கே தெரியும்.

அதற்காக நம் விதிகளையெல்லாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் ஒரு லேப்டாப் கொண்டுவந்தால், அது என்ன விலையானாலும் தனியாக விலக்கு உண்டு. கேமராவுக்கு இல்லை. ஏன்? லேப்டாப் படித்தவன் சாமான், கேமரா பணக்காரன் சாமான் என்று ஏதோ ஒரு காலத்தில் யாரோ நினைத்தது அப்படியே நிற்கிறது. விதிகளில் இப்படிப்பட்ட பழைய நினைப்புகள் எத்தனை ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கேயே டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து 2019 ஜனவரியில்தான் 18 ஆனது.

இன்னொன்று. பாரீசில் நமக்கு வரி திரும்ப வருகிறது, சிங்கப்பூரில் வருகிறது. பிரெஞ்சுக்காரர் நம்மூர் வெள்ளை நகரத்துக்கு வந்து கைத்தறியும் தோல் பையும் வாங்கிப் போனால் அவருக்கு? 2017 இல் ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15 ஆம் பிரிவில் அழகாக எழுதிவைத்தார்கள், சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தரலாம் என்று. ஆனால் அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு மட்டும் வரவில்லை. துய்மா வீதியில் பை வாங்கும் அம்மாள் "இங்கே தெதாக்ஸ் உண்டா?" என்று கேட்டு, கடைப் பெண் கையை விரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். தர முடியாது என்றால் பிரிட்டனைப் போல வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். 2021 ஜனவரி 1 முதல் லண்டன் கடைகளில் வாங்கிப் பையில் எடுத்துப்போகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள், ஆனாலும் வருகிறவனுக்கு நிலைமை தெரிந்துவிட்டது. சட்டத்தில் போட்டுவிட்டு அலமாரியில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வெளிநாடு போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை, கேட்காமலே சொல்கிறேன். இங்கிருந்து நல்ல கேமரா கொண்டுபோகிறவர்கள் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் அதன் நம்பரைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சொந்தச் சாமானுக்கே வாதாட வேண்டியிராது. என் கேமராப் பெட்டிக்குள் அந்தச் சென்னை ரசீது இன்னும் இருக்கிறது, எழுத்துதான் மங்கிவிட்டது.

மாப்பிள்ளை அந்த லென்சைப் பிறகு முழு விலைக்கே வாங்கினார் என்று மகள் சொன்னாள். இரண்டு மாதம் போனில் என்னிடம் பேசவில்லை. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அதை என் கேமராவில் மாட்டி, பேரப்பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். படம் நன்றாக வந்தது. லென்சின் விலையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.