அடுப்புக்கு நாடி பார்த்தல்

விறகடுப்பு எரியாவிட்டால் விறகு ஈரமென்று குழந்தைக்குக் கூடத் தெரியும். காஸ் அடுப்பு எரியாவிட்டால் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கிறோம். ஆனால் மின்சார இண்டக்ஷன் அடுப்பு இருக்கிறதே, அது "கீக் கீக்" என்று கத்தி, ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டிவிட்டு மௌனம் சாதிக்கிறது. அதன் பாஷை நமக்கு விளங்குவதில்லை. விளங்கியவர் என்று வருகிறவரோ, "போர்டு போய்விட்டது" என்ற ஒரே மந்திரத்தை உச்சரிக்கிறார்.

2024ஆம் வருஷம் ஐப்பசி மழையின்போது நமது அடுத்த வீட்டில் இந்த மந்திரம் உச்சரிக்கப்பட்டது. அவ்வீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டியம்மாள் ஒருவர் தனியே வசிக்கிறார். இரண்டு முறை காஸ் அடுப்பை மூட மறந்துவிட்டபடியால், அவருடைய குமாரர் காஸை அகற்றிவிட்டு இண்டக்ஷன் அடுப்பு வாங்கி வைத்தார். "இதையும் சமாளிக்க முடியாவிட்டால் என்னோடு பெங்களூருக்கு வந்துவிட வேண்டியதுதான்" என்பது அவர் விதித்த நிபந்தனை. ஆகவே அடுப்பு நின்ற அன்று பாட்டியம்மாள் குமாரருக்குத் தகவல் சொல்லவில்லை. நமது வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாத்தியாரே, வந்து பார்த்த ஆள் ஓர் ஆணியைக் கூடக் கழற்றவில்லை. போர்டுக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுப்பு போச்சு என்றால் என் வீடும் போச்சு" என்றார்.

அடுப்பின் நோயை அறிய வேண்டுமானால் முதலில் அதன் உடற்கூற்றை அறிய வேண்டும். கண்ணாடிப் பலகையின் கீழே செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. வினாடிக்கு 100 முறை திசை மாறி வரும் வீட்டு மின்சாரத்தை முதலில் ஒரே திசையில் ஓடச் செய்து, பிறகு ஒரு டிரான்ஸிஸ்டர் அதை வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் விட்டு விட்டுச் சுருளுக்குள் அனுப்புகிறது. அதனால் எழும் காந்த சக்தி பாத்திரத்தின் அடியிலே மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. பாத்திரம் தானே சூடேறுகிறது. 1831ஆம் வருஷம் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவமே இது.

இவ்வளவையும் காவல் காக்க ஒரு சிறு கணிப்பொறி உள்ளே அமர்ந்திருக்கிறது. அதற்குத் தெர்மிஸ்டர் என்னும் இரண்டு ஒற்றர்கள் உண்டு. ஒன்று கண்ணாடியின் அடியிலும், மற்றொன்று டிரான்ஸிஸ்டரின் அருகிலும் இருந்து சூட்டை அளந்து சொல்லும். உள்ளே குளிர்விக்க ஒரு விசிறியும் உண்டு. பாத்திரம் தகாததாயினும், மின் அழுத்தம் மிகக் குறைந்தாலும் கூடினாலும், சூடு மிஞ்சினாலும், ஒற்றனே செத்துவிட்டாலும் கணிப்பொறி அடுப்பை நிறுத்திக் காரணத்தைக் குறியாகக் காட்டும். இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. குறி காட்டுகிற அடுப்புக்கு மூளை உயிரோடிருக்கிறது; "போர்டு போய்விட்டது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கு இடமில்லை.

குறிகளின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஆகையால் எதிர் வீட்டு அடுப்பின் அகராதி நமது அடுப்புக்கு உதவாது. அதனதன் கைப்புத்தகத்தையே பார்க்க வேண்டும். பாட்டியம்மாளின் கைப்புத்தகமோ பழைய காகிதக்காரரோடு எப்போதோ போய்விட்டது. நாம் பரீட்சையிலேதான் இறங்க வேண்டியதாயிற்று.

இங்கே நாமும் தவறினோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாத்திரத்தின்மேல் சந்தேகங்கொண்டு நமது வீட்டு இரும்புத் தோசைக்கல்லைக் கொண்டுபோய் வைத்தோம். அடுப்பு உடனே வேலை செய்தது! வெற்றி முழக்கத்துடன் காப்பி அருந்திக்கொண்டிருக்கையில் மறுபடியும் "கீக்" என்றது. நாம் தோசைக்கல்லைத் தேடிய நேரத்தில் அடுப்பு ஆறியிருந்தது. அவ்வளவுதான் நமது வைத்தியத்தின் மகிமை. பாத்திரத்தைச் சோதிக்க அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாலே போதும். நன்றாக ஒட்டினால் உதவும். வெறும் அலுமினியமும் பித்தளையும் ஒட்டமாட்டா.

அடுத்தபடி சுவரிலுள்ள பிளக்கைப் பார்த்தோம். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டே தகும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் அது கருகும். பாட்டியம்மாளின் சாக்கெட் சரியானதாகவே இருந்தது. கருகலும் இல்லை, தளர்ச்சியும் இல்லை.

பிறகுதான் கடிகாரத்தைக் கையில் எடுத்தோம். ஆறிய அடுப்பு 8 நிமிஷம் ஓடி நின்றது. உடனே மறுபடி தட்டினால் ஒரு நிமிஷங்கூட ஓடவில்லை. அரைமணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் 8 நிமிஷம். கண்ணாடி குளிர்ந்திருக்கும்போதே தட்டிய மாத்திரத்தில் குறி வந்தால் தெர்மிஸ்டர் அல்லது அதன் கம்பி அறுந்திருக்கலாம். சில நிமிஷம் ஓடி, ஆறியபின் உயிர் பெற்றால் சூடு மெய்யாகவே மிஞ்சுகிறது என்று கொள்ள வேண்டும்.

சூடு ஏன் மிஞ்சுகிறது? குனிந்து பார்த்தோம். மேடை அழுக்காகாமலிருக்க அடுப்பின் கீழ் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று போட்டிருந்தார் பாட்டியம்மாள். அது காற்று நுழையும் துவாரங்களை அடைத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கியதும் 8 நிமிஷம் 11 ஆயிற்று. ஓரளவே குணம் கண்டபடியால் இன்னொரு காரணமும் உண்டென்று தெரிந்தது. காதை வைத்துக் கேட்டோம். விசிறியின் ஓசை முனகலாக இருந்தது.

இதற்குமேல் நாம் கை வைக்கவில்லை. நேயர்களும் வைக்கலாகாது. உள்ளேயிருக்கும் கண்டென்ஸரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். அறிந்தவர் முதலில் அதை வடித்து, மீட்டர் வைத்து அளந்த பிறகே தொடுவார். ஒரு வெளிச்சமுமின்றி அடுப்பு அடியோடு செத்துப்போயிருந்தாலும் பியூஸை மட்டும் மாற்றிப் பார்க்கலாகாது. பெரும்பாலும் டிரான்ஸிஸ்டர் பழுதாகியே பியூஸை எரித்திருக்கும். புதிய பியூஸும் அதே கதியை அடையும்.

கடைத்தெருவில் டெலிவிஷன் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஓர் இளைஞரிடம் அடுப்பைக் கொண்டுபோனோம். நாம் குறித்து வைத்த நிமிஷக் கணக்கைப் பார்த்ததும், "ஐயா, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்" என்றார். திறந்தால் விசிறியில் எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் அப்பியிருந்தன. கரப்பான் முட்டைகளும் இருந்தன. துடைத்தும் அச்சு இறுகியே சுற்றிற்று. அதே அளவும் அதே வோல்ட்டும் உள்ள வேறு விசிறி பொருத்தினார். கூலியோடு 250 ரூபாய். அன்று மாலை 40 நிமிஷம் இடைவிடாமல் ஓடிற்று.

இரண்டாயிரத்து இருநூறுக்கும் இருநூற்றைம்பதுக்கும் உள்ள வித்தியாசம் பணம் மாத்திரமன்று. ஒரு விசிறிக்காக முழு அடுப்பும் குப்பைக்குப் போகிறது. இவ்விதக் குப்பையைக் கட்டுப்படுத்த மத்திய சர்க்காரின் புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தன. பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய 2022ஆம் வருஷம் ஒரு கமிட்டியும் நியமிக்கப்பட்டது. விதிகள் நல்லவையே. ஆனால், "எதைச் சோதித்துப் போர்டு போயிற்று என்கிறீர்? கழற்றிய பழைய பாகத்தைத் தாரும்" என்று கேட்கும் துணிவு வீட்டிலே பிறக்க வேண்டும். சுதேசியம் நம் நாட்டுச் சாமானை வாங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. வாங்கியதைப் பேணுவதும், பேணத் தெரிந்த தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுப்பதும் சுதேசியமே.

அடுப்பைத் திரும்ப வைத்தபோது பாட்டியம்மாளுக்கு இரண்டு விதிகள் சொன்னோம். கீழே விரிப்புப் போடலாகாது. சமையல் முடிந்தபின் விசிறி நிற்கும் வரையில் சுவர் ஸ்விட்சை அணைக்கலாகாது. மூன்றாவதாக, நடந்ததைக் குமாரரிடம் சொல்லிவிடும்படி வேண்டினோம். அது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் இரவே சொல்லிவிட்டார். குமாரர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, "விசிறி என்று எப்படிக் கண்டுபிடித்தாய், அம்மா?" என்று கேட்டாராம்.

"கடிகாரத்தைப் பார்த்துத்தான்" என்றாராம் பாட்டியம்மாள். பெங்களூர்ப் பேச்சு அன்று எழவில்லை.