மலையில் இயந்திரம் புதுப்பிக்கும்போது மூதூரையும் கேளுங்கள்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் பயணிப்பவர்கள் கங்கைப் பாலத்தைக் கடக்கிறார்கள். கீழே ஓடுவது மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்கிறது. வரும் வழியில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று பல மின்நிலையங்களின் இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு வருகிறது. ஆனாலும் நீர்மின் நிலையங்கள் பற்றிய செய்திகளை நாம் மலைநாட்டுச் செய்தியாகவே வாசித்துக் கடந்துவிடுகிறோம். இனி அப்படிக் கடக்க முடியாது என்று நினைக்கிறேன்.

201 மெகாவாட் கொத்மலையும் 210 மெகாவாட் விக்டோரியாவும் 1985 இல் இயங்கத் தொடங்கியவை. இரண்டும் 40 வயதைத் தாண்டிவிட்டன. பொல்கொல்லவில் திருப்பப்படும் நீரில் ஓடும் உக்குவெல 1976 ஆம் ஆண்டினது. அணைக்கட்டும் சுரங்கமும் நூறாண்டு தாங்கும். சுழலிச் சக்கரம், மின்பிறப்பாக்கியின் சுருள்கள், கட்டுப்பாட்டுக் கருவிகள், மின்மாற்றி ஆகியவற்றுக்குப் பொதுவாக 30, 40 ஆண்டுகள்தான் ஆயுள். எனவே இவற்றைப் புதுப்பிப்பதா, தேயும்வரை ஓட்டுவதா என்ற முடிவைத் தள்ளிப்போட அதிக காலம் இல்லை.

புதுப்பிப்பது சாத்தியமா? சாத்தியம் என்பதற்கு லக்சபான தொகுதி சாட்சி. 1974 இல் 100 மெகாவாட்டுடன் தொடங்கிய புதிய லக்சபான, புதுப்பித்த பின் சுமார் 115 மெகாவாட் தருகிறது. 1969 இன் பொல்பிட்டிய 75 இலிருந்து 90 ஆனது. புதிய அணை கட்டவில்லை, ஒரு கிராமமும் மூழ்கவில்லை. அதே தண்ணீரில் கூடுதல் மின்சாரம்.

இந்த மாவட்டத்தவர்களுக்கு அதன் பெறுமதி நன்றாகத் தெரியும். 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் நிலத்தில் அனல்மின் நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். சொந்த மண்ணுக்குத் திரும்ப அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் 2016 இல் அனல்மின் திட்டமே கைவிடப்பட்டது. யாருடைய காணியையும் கேட்காமல் கிடைக்கும் மெகாவாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு.

இன்று அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் திட்டம். 2025 ஏப்ரலில் பணி தொடக்கி வைக்கப்பட்டது. அதற்கும் மலையிலுள்ள பழைய இயந்திரங்கள் தேவை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. குரங்கு பற்றித்தான் எல்லோரும் பேசினோம். ஆனால் அன்று மின்தேவை குறைவு, சூரியமின் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய பாரமான சுழலும் இயந்திரங்கள் போதிய அளவில் ஓடவில்லை. நீர்மின் நிலையங்கள் அந்தத் தாங்குதலைத் தரும். பகலில் சூரியமின் இருக்கும்போது தண்ணீரைச் சேமித்து, மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் திறக்கவும் முடியும்.

ஆக, பொறியியல் கணக்கில் புதுப்பித்தல் தேறுகிறது. என் கேள்வி அந்தக் கணக்கின் எல்லை பற்றியது. சாத்தியக்கூற்று ஆய்வுகள் வழக்கமாக மெகாவாட்டுக்கு எவ்வளவு செலவு, இயந்திரம் நிற்கும் காலத்தில் எவ்வளவு மின்சாரம் இழப்பு, அதற்கு எரிபொருள் செலவு எவ்வளவு என்று பார்க்கும். தண்ணீர் அதற்குப் பின் எங்கே போகிறது என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பாகிவிடும்.

எங்கே போகிறது? உக்குவெலவைக் கடந்த நீர் அம்பன் கங்கைக்குப் போகிறது. பொவதென்ன, எலஹர, மின்னேரிய, கவுடுல்ல வழியாக ஒரு பங்கு கந்தளாய்க் குளத்தை அடைகிறது. கந்தளாயின் சிறுபோகம் அந்தத் தண்ணீரை எதிர்பார்த்தே நிற்கிறது. உக்குவெலவில் ஓர் இயந்திரத்தைக் கழற்றும் மாதங்கள் சிறுபோக மாதங்களாக இருந்தால் மாற்றுவழியில் எவ்வளவு நீர் வரும்? பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விவசாயி கேட்கவேண்டிய கேள்வி இது.

அடுத்தது வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல், சேருவில பகுதிகளை மூழ்கடித்தது. மாவிலாற்றின் அணைக்கட்டும் உடைந்தது. மாவிலாறு என்ற பெயர் நமக்கு வேறொன்றையும் நினைவூட்டும். 2006 ஜூலையில் அங்கே ஒரு துருசு மூடப்பட்டதைத் தொடர்ந்தே நான்காம் ஈழப்போர் வெடித்தது. மூதூர் வெறிச்சோடியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீர் வராவிட்டாலும் ஆபத்து, ஒரேயடியாக வந்தாலும் ஆபத்து என்பதை இரு தலைமுறைகளாக அனுபவித்த மாவட்டம் இது.

மகாவலி என்றாலே தமிழர்கள் சந்தேகப்படுவது ஏன் என்று தெற்கில் சிலர் கேட்பதுண்டு. மணலாறு வெலிஓயாவானபோது தண்ணீர் வருமுன்பே குடியேற்றம் வந்தது. அந்த அனுபவத்தை மறக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் சந்தேகம் மட்டும் நமக்கு ஒரு சொட்டுத் தண்ணீரையும் பெற்றுத் தராது. ஒவ்வொரு போகத்துக்கும் மகாவலி நீர் முகாமைத்துவக் குழு எவ்வளவு நீர் மின்சாரத்துக்கு, எவ்வளவு வயலுக்கு என்று திட்டமிடுகிறது. நம் பேச்சு அந்த மேசைக்குப் போகவேண்டும்.

கேட்கவேண்டியவை மூன்று. எந்த நிலையத்தைப் புதுப்பித்தாலும், இயந்திரம் நிறுத்தப்படும் கால அட்டவணை கீழ்ப்பகுதிக் கமக்கார அமைப்புகளுடன் பேசி முடிவாக வேண்டும். சுழலிக்கு ஒதுக்கும் பணத்தோடு வான்கதவுகளுக்கும் நீர்மட்டக் கருவிகளுக்கும் பணம் ஒதுக்கி, எச்சரிக்கை மூதூருக்கும் வெருகலுக்கும் தமிழில், நேரத்தோடு வரவேண்டும். ஆய்வறிக்கை மூன்று மொழிகளிலும் பகிரங்கமாக வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு சுழலியின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது. நமது நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபைகளும் ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்பே இதைக் கேட்டால் பயன் உண்டு. இயந்திரங்கள் கப்பலில் வந்திறங்கிய பிறகு கேட்டால் வரலாற்றில் எழுதிவைக்கத்தான் உதவும்.