பழைய யந்திரங்களுக்குக் கலப்பற்ற பெற்றோல் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,



அயல்நாடாகிய இந்தியாவில், முன்பு 2030ஆம் ஆண்டுக்கென வகுத்த இலக்கை 2025க்கு முன்தள்ளி, இன்று ஏறத்தாழ எல்லா நிலையங்களிலும் 20 வீதம் எதனோல் கலந்த பெற்றோலையே விற்கிறார்கள். இங்கும் அவ்வாறே கலந்தால் அந்நியச் செலாவணி மிஞ்சுமே என்னும் பேச்சு நம்மவர் வாயிலும் அடிபடுகிறது. 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு எண்ணெய்க் குழாய் அமைக்கும் யோசனையும் இடம்பெற்றிருப்பதால், அதன்வழி கலப்புப் பெற்றோலே வந்துசேரலாம் என்றெண்ணி, இதைத் திண்ணைப் பேச்சென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வன்னிச் சனத்துக்கு இருபது வீத மதுசாரம் ஒரு பொருட்டா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஓட்டினோம், மறுக்கவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சிறு போத்தலில் மருந்துபோலக் காத்துவைத்த பெற்றோலில் நாலு துளியைக் காபிரேற்றருக்குள் விட்டு, உதைத்து ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டு, பின்னால் வருபவனின் கண்ணெரியப் புகை கக்கிக்கொண்டு பரந்தன் வீதியில் போன ஹொண்டா 90 ஒன்று என்னிடமும் இருந்தது. ஆனால் அதன் பிளக்கை ஓயாது கழற்றிக் கரி சுரண்டியவனும் நானே. அது தடையின் நிர்ப்பந்தம். எதை ஊற்றுகிறோம் என்பதையாவது அன்று தெரிந்தே ஊற்றினோம்.

எதனோலின் குணம் வேறு. அது ஈரத்தை உறிஞ்சும் வஸ்து. என் கொட்டிலில் தொங்கும் மருந்தடிக்கும் யந்திரம் காலபோகத்தில் சில நாட்கள் மாத்திரமே முதுகேறும். நீரிறைக்கும் பம்போ ஐப்பசி மழை பிடித்தால் தை, மாசி வரைக்கும் சாக்குப் போர்த்துக் கிடக்கும். அதன் தாங்கியில் எஞ்சிய பெற்றோலில் எதனோல் இருந்து, அந்த மாரிகால ஈரத்தை அது அளவுக்குமேல் குடித்துவிட்டால், தண்ணீரும் மதுசாரமும் ஒன்றாய்ப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் இழுப்பதோ அந்த அடியைத்தான். பழைய ரப்பர்க் குழாய் ஊதிப்போகும்; பல வருஷமாய்ப் படிந்த பிசின் கரைந்துவந்து ஜெட்டை அடைக்கும். பம்பை மண்ணெண்ணெய்க்கு மாற்றலாமே என்பீர்களாயின், 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாகிய கதையை நாம் இன்னும் மறக்கவில்லை.

டில்லியின் பெற்றோலிய அமைச்சு 2025 ஆகஸ்டில் சொன்ன சமாதானம் யாதெனில், பழைய வாகனங்கள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீற்றர் ஓடியபின் சில ரப்பர்ப் பாகங்களை மாற்ற நேரலாம், அதற்குச் செலவும் சொற்பம் என்பதே. மருந்தடிக்கும் யந்திரத்துக்குக் கிலோமீற்றர் ஏது? கலப்பற்ற பெற்றோலுக்கென அமைத்த கார்களில் 6 முதல் 7 வீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 வீதமும் எரிபொருட் சிக்கனம் குறையுமென்று அந்நாட்டு அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவோ 15 வீதக் கலப்பைக்கூட 2001க்கு முந்திய கார்களுக்கு அனுமதிக்காமல், மோட்டார் சைக்கிளிலும் படகு எஞ்சினிலும் புல்வெட்டும் யந்திரத்திலும் அதை ஊற்றலாகாதென்று பம்பிலேயே எழுதி ஒட்டச் செய்திருக்கிறது.

2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்து வருஷம் வாகன இறக்குமதியைத் தடுத்துவைத்தபோது, இருந்த பழசையே ஒட்டுப்போட்டு ஓட்டிச் சமாளித்தவர்கள் நாங்கள். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் அளந்து கொடுத்தபோதும் அந்தப் பழைய வண்டிகளே எங்களை வயலுக்கும் வைத்தியசாலைக்கும் கொண்டுபோயின. புது வண்டியின் விலையோ இன்று கமக்காரனின் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

ஆகையால் எரிசக்தி அமைச்சின் அதிகாரிகளிடம் தங்கள் பத்திரிகை வாயிலாக நான் கேட்பது இதுதான்: கலப்பு எந்நாளாயினும் வருமாயின், அதன் வீதத்தைப் பம்பின் முகப்பில் தமிழிலும் சிங்களத்திலும் யாவரும் வாசிக்கும்படி எழுதுங்கள், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பம்பையாவது கலப்பற்ற 92 ஒக்டேன் பெற்றோலுக்கென ஒதுக்கிவிட்டு, அதன்பின் மற்றதைப் பற்றிப் பேசுங்கள்.

இங்ஙனம்,
கமக்காரன் ஒருவன்,
கிளிநொச்சி.