இடிக்கும் முன்பே ஆணை வேண்டும்



வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை 2024 மார்ச்சில் தங்கசாலையில் முதல்வர் தொடங்கி வைத்தபோது அறிவித்த தொகை 4,181 கோடி ரூபாய். துறைமுகத்தையும் அனல்மின் சாம்பலையும் சுமந்துவரும் பகுதிக்குத் தாமதமாக வந்த நியாயம் இது. மனதார வரவேற்கிறேன்.

என் கவலை இத்திட்டத்தில் வரும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மறுகட்டுமானம் பற்றியது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. பழைய கட்டடங்களை இடித்துக் கட்டத்தான் வேண்டும். அதுவரை குடும்பங்கள் எங்கே இருப்பது? அதற்காக வாரியம் தரும் கருணைத் தொகை மொத்தமே 24,000 ரூபாய். வேலை முடிய 18 மாதம் ஆனால், மாதத்துக்கு 1,333 ரூபாய். யானைக்கவுனியில் இதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. சவுகார்பேட்டையில் மூட்டை தூக்குபவரும் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் பெண்ணும் தொலைவில் குடியேறினால் பிழைப்பே போய்விடும். இப்படித் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் முன்பு அனுப்பப்பட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

அரசிடம் நான் கேட்பது இதுதான்: உண்மையான வாடகையை மாதாமாதம் கொடுங்கள். புதிய வீட்டுக்கான ஒதுக்கீட்டு ஆணையை, இடிக்கும் முன்பே, குடும்பத் தலைவியின் பெயரில் கையில் கொடுங்கள்.

– ஒரு வாசகர், யானைக்கவுனி, சென்னை