அறுவடை ஆட்டமும் அடுத்த வீட்டு விவசாயியும்

பாரம்பரியத்தைக் காப்பாத்தணும்னு நாம மேடை போட்டுப் பேசுறோம். எதைக் காப்பாத்தினா அது நிக்கும்? இதுக்கு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு கிராமம் பதில் சொல்லுது.

பேட்டன் ரூஜ் நகருக்குக் கிழக்கே, ஆல்பனி என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது ஆர்பாதோன். தங்கள் ஆதித் தலைவன் ஆர்பாதின் பெயரால் ஹங்கேரியர்கள் வைத்த பெயர். 1896 வாக்கில் சிலர் மர அறுவை ஆலை வேலைக்காக அங்கே வந்தார்கள். செய்தி பரவ, வடக்கே சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் உழைத்துக்கொண்டிருந்த ஹங்கேரியர்களும் வந்து சேர்ந்தார்கள். பைன் மரங்களை வெட்டித் தள்ளியபின் ஆலைக்கு அந்த நிலம் வேண்டாத நிலம். இவர்களோ ஆலையில் கூலி வாங்கிக்கிட்டே அந்த நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுத்து, ஸ்ட்ராபெரி நட்டார்கள். பைன் சருகையே மூடாக்காகப் போட்டார்கள். பழம் ரயிலேறி வடக்கே போனது. அமெரிக்காவிலேயே பெரிய ஹங்கேரிய விவசாயக் குடியிருப்பாக அது வளர்ந்தது.

அவர்கள் கொண்டுவந்ததில் முக்கியமானது அறுவடை ஆட்டம். மண்டபத்தின் கூரையிலிருந்து திராட்சைக் கொத்துகளைத் தொங்கவிடுவார்கள். இளைஞர்கள் சார்தாஷ் நடனம் ஆடுவார்கள். ஆடிக்கொண்டே பழத்தைத் திருடி மாட்டிக்கிட்டா அபராதம்! சிரிப்பும் சத்தமுமாக இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஹங்கேரியின் திராட்சை அறுவடைக்கான விழா, அக்டோபரில் வரும். ஆர்பாதோனின் பயிரோ ஸ்ட்ராபெரி. இலையுதிர் காலத்தில் நட்டு, வசந்தத்தில் பறிப்பது. விழாவுக்கும் வயலுக்கும் பருவமே பொருந்தவில்லை. அப்படியும் ஆட்டம் தலைமுறை தலைமுறையாக நின்றது. காரணம், ஆடியவர்கள் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள். ஒரே வேலை, ஒரே கவலை.

மொழிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1921-ஆம் ஆண்டு லூசியானா அரசியல் சட்டம், பள்ளியில் ஆங்கிலம்தான் என்றது. வீட்டிலும் வயலிலும் மட்டும் ஹங்கேரியம் மிஞ்சியது. பிறகு கலிபோர்னியா, புளோரிடா பழங்களின் போட்டி, கூலிச் சுமை. ஸ்ட்ராபெரி கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகள் நகர வேலைக்குப் போனார்கள். வயலில் பேச ஆள் இல்லாதபோது, வயலில் பேசிய மொழியும் போச்சு. இன்று பழைய பள்ளிக்கூடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆட்டத்தையும் விடாமல் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் விவசாயி இருந்தவரை தானாக வந்தது எல்லாவற்றுக்கும், இப்போது தனியாக ஆள் போட்டுப் பாடுபட வேண்டியிருக்கிறது.

வங்கியில் முப்பது வருஷம் பயிர்க்கடன் கொடுத்தவன் நான். பத்திரம், அடமானம், தவணை எல்லாம் பார்த்தேன். பக்கத்து வயல்காரன் இருக்கிறானா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அதுதான் பெரிய சொத்து என்பது நானே ஏர் பிடித்தபிறகுதான் உறைத்தது.

நம்ம ஆளுங்க விதைத் திருவிழாவில் கண்ணாடிக் குடுவையில் நூறு ரகம் நெல் வைக்கிறோம். நல்லதுதான். அதில் எத்தனை ரகம் இந்த வருஷம் சேற்றில் நிற்கிறது? விளைவித்தவனுக்குக் கட்டுப்படியான விலை கிடைத்ததா? அவன் மகன் அடுத்த போகத்துக்கு ஊரில் இருப்பானா? இந்தக் கேள்விகளைக் கேட்காத விழா, குடுவையோடு முடிஞ்சுபோகும்.

அதனால் என் கருத்து இதுதான்: நம்ம கூட்டங்களில் பாரம்பரியப் பெருமை பேசும் நேரத்தில் பாதியை விலைக்கும், கூட்டு விற்பனைக்கும் ஒதுக்குவோம். பழைய ரகம் போடும் பத்துப் பேர் அடுத்தடுத்த வயலில் நிற்கும்படி செய்வோம். அவர்கள் நின்றால் விதை நிற்கும், பாட்டு நிற்கும், பேச்சும் நிற்கும்.