தொலைத்த இடத்தில்தான் தேட வேண்டுமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளம் நண்பர் என்னைத் தனியே அழைத்தார். "சார், 300 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 110க்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வாங்கினால் சராசரி குறையுமே! தொலைத்த இடத்தில்தானே தேட வேண்டும்?" என்றார்.

நான் பங்குச் சந்தை நிபுணன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். ஆனால் இந்தப் பாடத்துக்கு முழுக் கட்டணமும் கட்டியவன். அதனால் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2007 கடைசியில் ஆபீசில் எங்கு திரும்பினாலும் பங்குப் பேச்சுதான். நானும் ஒரு கட்டுமானக் கம்பெனியின் 500 பங்குகளை 200 ரூபாய் வீதம் வாங்கினேன். 2008 ஜனவரியில் சந்தை சரிந்தது. விலை 160 ஆனபோது, "200 வந்ததும் விற்றுவிடலாம்" என்று இருந்தேன். 100 ஆனபோது, மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த 50,000 ரூபாயையும் வாங்கி இன்னொரு 500 பங்கு வாங்கினேன். சராசரி 150க்கு இறங்கிவிட்டதென்று பெருமை வேறு!

2010 தீபாவளிக்கு சென்செக்ஸ் மீண்டும் 21,000ஐத் தொட்டது. என் பங்கோ 60ஐத் தாண்டவில்லை. கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. முதலாளிகள் தங்கள் பங்குகளையே அடகு வைத்திருந்தார்கள். எல்லாம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவைதான். நான் விலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2013ல் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 12 ரூபாய்க்கு விற்றேன். போட்டது 1,50,000, வந்தது 12,000. அன்றுதான் மனைவியிடம் முழுக் கணக்கையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "2010லே யாராவது 60,000 ரூபாயைக் கையிலே கொடுத்திருந்தா, இந்தப் பங்கையா வாங்கியிருப்பீங்க?" என்று கேட்டாள். நிச்சயமாக வாங்கியிருக்க மாட்டேன். அப்படியானால் அதை ஏன் வைத்திருந்தேன்?

வேலையில் நான் இப்படி இருந்ததில்லை. அல்ட்ராசானிக் சோதனையில் தண்டவாளத்துக்குள் ஆபத்தான விரிசல் தெரிந்தால், சிவப்புப் பெயிண்டில் மூன்று பெருக்கல் குறி போடுவோம். உடனே 30 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு. மூன்று நாட்களுக்குள் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும். அது என்ன விலை, போட்டு எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. விதி முன்பே எழுதியிருப்பதால் மனசு தடுமாற இடமில்லை.

பங்குக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். வாங்கும் அன்றே, ஏன் வாங்குகிறோம், எந்த விலைக்கு இறங்கினால் வெளியேறுவோம் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். 100 ரூபாய் 80 ஆனால், 25 சதவீதம் ஏறினாலே முதல் திரும்பிவிடும். 50 ஆனால் இரண்டு மடங்காக வேண்டும். 20 ஆனால் ஐந்து மடங்காக வேண்டும்! தாமதிக்கத் தாமதிக்க மேடு செங்குத்தாகிறது.

விலை இறங்கியதெல்லாம் விற்க வேண்டியது என்று சொல்லவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் சென்செக்ஸ் 26,000க்கும் கீழே போயிற்று. நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. மூடுபனியில் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போகும். அது தண்டவாளத்தின் கோளாறு அல்ல. சந்தை முழுவதும் விழுந்ததா, நம் கம்பெனி மட்டும் விழுந்ததா என்று பாருங்கள். வாங்கிய காரணமே பொய்த்துவிட்டால் விற்றுவிடுங்கள். அந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் உரிய தேதிக்குள் காட்டினால், பின்னால் வரும் மூலதன லாபத்தில் எட்டு ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளலாம். அவ்வளவாவது மிஞ்சட்டும்.

தொலைத்த இடத்தில் தேடலாம். பொருள் இன்னும் அங்கே இருந்தால்! சந்தையில் அது வேறு ஒருவர் கைக்குப் போய் வெகு நாளாகியிருக்கும்.

இன்னொன்று. வெளியூரில் இருக்கும் நமக்கு அவசரத்துக்கு ஓடி வர அண்ணன் தம்பி பக்கத்தில் இல்லை, சேமிப்புதான் துணை. அதில் ஓட்டை விழுந்தால் முதலில் வீட்டில் சொல்லுங்கள். நான் ஐந்து வருஷம் மறைத்தேன். 2008லேயே சொல்லியிருந்தால், அந்தக் கேள்வியை அவள் அன்றைக்கே கேட்டிருப்பாள்.