போலீஸ் கையில மிஷின், நம்ம கையில வெள்ளைத்தாள்

சந்தை ரோட்டுல வண்டிய நிறுத்துற போலீஸ்காரர் இப்பல்லாம் ஆர்.சி. புக் கேக்குறது அபூர்வம். நம்பரை இ-சலான் மிஷின்ல தட்டுனா, இன்சூரன்ஸ் என்னிக்கு முடிஞ்சதுன்னு வாகன் பதிவேட்டுல இருந்து வந்துடுது. முதல் தடவைன்னா 2,000 ரூபாய். ஹெல்மெட் இல்லேன்னா 1,000. 2022 அக்டோபர்ல இருந்து இதான் ரேட்டு. தப்புன்னு சொல்ல மாட்டேன், ரோட்டோர பேரத்துக்கு ரசீது எவ்வளவோ மேல்.

ஆனா கிணத்து மோட்டார் கேபிளை அறுத்துட்டான்னு ஸ்டேஷன் போனா, வெள்ளைத்தாள் வாங்கி எழுதிட்டு வரச் சொல்றாங்க. சி.எஸ்.ஆர். ரசீதுக்கே மூணு நாள் நடை. அதுக்குள்ள அவன் ரப்பரை எரிச்சு, செம்பை எடைக்குப் போட்டிருப்பான். இங்க பயிர் காயுது.

டவுன்ல இருக்கிற நீங்க அந்த மிஷினை ஃபைன் போடத்தான் பாத்திருப்பீங்க. ராத்திரி ரோந்து வர்றவர் அதே மாதிரி ஒண்ணுல, கிணத்து மேட்டுல நின்னே புகாரைப் பதிஞ்சு ரசீதைக் கொடுக்கட்டுமே.